குருத்தோலையிலிருந்து திருநீறு வரை: ஓலை வெட்டுவது, சிலுவை மடிப்பது, சாம்பல் எடுப்பது

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடிக்கும் ஓலைதான் மறு ஆண்டு தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலாக ஏறுகிறது என்பது கோவிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல பங்குகளில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கோவில் சமூகங்களில்) இந்த உறவு மறையுரையோடு நின்றுபோய்விட்டது. ஓலை அன்று மாலையே வாசல் குப்பைக்கூடைக்குப் போகிறது. சாம்பல் பொட்டலமாகக் கடையிலிருந்து வருகிறது. உரோமைத் திருப்பலி நூலோ, முந்தின ஆண்டு மந்திரித்த (செபம் சொல்லி ஆசீர்வதித்த) ஒலிவக் கிளைகள் அல்லது பிற மரக்கிளைகளிலிருந்து எடுத்த சாம்பல் என்று குறிப்பிட்டே சொல்கிறது. ஆக, இது ஏறத்தாழ பத்தரை மாத வேலை. 2026 மார்ச் 29 அன்று மந்திரித்த ஓலை 2027 பிப்ரவரி 10 திருநீற்றுப் புதனுக்குள் பொடியாகிச் சிமிழில் இருக்க வேண்டும். எங்கே எது கெடும், ஏன் கெடும் என்று தெரிந்தால் ஒரு பங்கில் கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளையும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்தே செய்துவிடலாம்.

ஓலைக்கு என்ன பொருள்

நான்கு நற்செய்திகளும் இயேசு எருசலேமுக்குள் வந்ததைச் சொல்கின்றன. ஆனால் குருத்தோலை என்று பெயர் சொல்வது யோவான் மட்டுமே (12:13). மத்தேயு மரக்கிளைகள் என்கிறார், மாற்கு வயல்வெளியில் வெட்டிய இலைதழைகள் என்கிறார். லூக்காவில் இலையே இல்லை. மேலுடைகளை மட்டும் வழியில் விரிக்கிறார்கள். அந்த நாட்டு மரம் பேரீச்சை. நம் ஊரில் தென்னையும் பனையும் அதன் இடத்தைப் பிடித்தன. பொருள் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஓலை அன்றைக்கு வெறும் அலங்காரம் இல்லை. மக்கபேயர் முதல் நூலில் (13:51) யூதர்களின் தலைவர் சீமோன் எருசலேம் கோட்டையை எதிரிகளிடமிருந்து மீட்டு உள்ளே நுழையும்போது மக்கள் பிடித்திருந்ததும் இதே ஓலைதான். கி.மு. 141-இல் நடந்தது அது. ஓலையைப் பிடித்தவர்கள் கேட்டது அரசியல் விடுதலை. 'ஓசன்னா' என்ற சொல்லும் முதலில் வாழ்த்து இல்லை; 118-ஆம் திருப்பாடலில் வரும் 'மீட்டருளும்' என்ற கெஞ்சல். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் குதிரையில் வர வேண்டியவர் செக்கரியா 9:9 சொன்னபடி கழுதையில் வருகிறார். கேட்டவர்களின் எதிர்பார்ப்புக்கும் வந்தவரின் வழிக்கும் இருந்த இந்த இடைவெளியில்தான் அந்த வாரம் முழுவதும் நடக்கிறது.

இங்கே மறையுரைகளில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியத்தைத் தவிர்ப்பது நல்லது: "ஞாயிறு ஓசன்னா பாடிய அதே வாய் வெள்ளிக்கிழமை சிலுவையில் அறையும் என்றது." நற்செய்திகள் அப்படிச் சொல்லவில்லை. ஓசன்னா பாடியவர்களில் பெரும்பாலோர் அவரோடு வந்தவர்களும் திருவிழாவுக்கு வந்த பயணிகளும். பிலாத்தின் முன் கத்தியவர்களைத் தலைமைக் குருக்கள் தூண்டிவிட்டதாக மாற்கு சொல்கிறார். எருசலேம்காரர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட அந்த வாக்கியம் வசதியாக இருக்கிறது. வழிபாடோ அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரே திருப்பலியில் முதலில் ஓலையோடு நம்மை ஓசன்னா பாட வைக்கிறது. அரை மணி நேரத்தில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது, கூட்டத்தின் பகுதியைச் சபை சொல்கிற இடங்களில், "சிலுவையில் அறையும்" என்பதையும் நம் வாயில் வைக்கிறது. இரண்டும் சொன்னது இங்கே நிற்கிற வாய். அதனால்தான் அந்த ஓலை குப்பைக்குப் போகக் கூடாது. அது மறு ஆண்டு நம் நெற்றிக்கே திரும்பி வர வேண்டியது.

வெட்டுவது

தென்னை, பனை இரண்டுக்கும் வளர்நுனி ஒன்றே ஒன்று. அது வெட்டுப்பட்டால் மரம் செத்துப்போகும். பக்கக்கிளை விட்டுப் பிழைக்காது. எனவே மரம் ஏறுகிறவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: விரியாத குருத்தின் மேல்பாகம் மட்டும் போதும், அடிவரை இறங்க வேண்டாம். ஒரு மரத்துக்கு ஒரு குருத்து. நாற்றுப் பருவ மரத்தில் கை வைக்கவே கூடாது.

வெட்டுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், குருத்துப் பகுதியைக் காண்டாமிருக வண்டு குடையும். வெட்டிய கையோடு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள்மட்டை இடுக்குகளில் போட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள். தோட்டக்காரர் அடுத்த ஆண்டும் ஓலை கொடுப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அளவு: விரிந்த தென்னை மட்டையில் 200-க்கு மேல் இலைகள் இருக்கும். குருத்தில் சிறிதும் கிழிந்ததும் கழித்தால் 150 தேறும் என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டு (ஒன்று பிடிக்க, ஒன்று மடிக்க) என்றால் 300 பேருக்கு 4 குருத்து. பனங்குருத்தில் விசிறிக்கு 60 முதல் 80 பிரிவுகள்தான். ஆனால் நாரோட்டம் உறுதி, மடித்தால் நிற்கும். இரண்டும் கிடைக்கிற ஊரில் பிடிப்பதற்குத் தென்னை, சிலுவைக்குப் பனை.

சனிக்கிழமை காலையில் வெட்டுங்கள். வெள்ளிக்கிழமையே வெட்டினால் ஞாயிறு காலைக்குள் ஓரம் பழுப்பேறிச் சுருண்டுவிடும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் சாய்த்து வையுங்கள். தண்ணீரில் ஊறப் போடுவது பலர் செய்கிற தவறு. ஒரு ராத்திரி ஊறிய ஓலை வழவழப்பாகி வாடை அடிக்கும், மடிப்பில் பிளக்கும், பிறகு வீட்டில் பூசணம் பிடிக்கும். ஈரம் சாக்கில் இருந்தால் போதும்.

பவனி

4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண் அங்கே பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். ஒலிவ மலையிலிருந்து ஆயரோடு மக்கள் எல்லாரும் நடந்து இறங்குகிறார்கள்; நடக்கத் தெரியாத பிள்ளைகளைப் பெற்றோர் தோளில் சுமக்கிறார்கள்; எல்லார் கையிலும் பேரீச்சை அல்லது ஒலிவக் கிளை. இன்றைய பவனியின் வேர் அது. ஆகவே இது நடக்கிற வழிபாடு. ஓலையைக் கோவிலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாங்கி, மந்திரித்து, உட்கார்ந்தே முடித்துவிடுவது மிகக் குறைந்த வடிவம். வெயிலோ இட நெருக்கடியோ இருந்தால் 200 அடி தூரம் போதும்; ஆனால் வெளியே கூடி உள்ளே வர வேண்டும்.

சிவப்பு உடுப்பு அன்றைக்கு. ஓலையை மக்களிடம் மந்திரிப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மந்திரித்தபின் விநியோகம் தொடங்கினால் பவனி அங்கேயே சிதறிவிடும். குரு தீர்த்தம் தெளிக்கும்போது ஓலைகள் உயர்த்திப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு எருசலேம் நுழைவின் நற்செய்தி. 2026-இல் மத்தேயு, 2027-இல் மாற்கு அல்லது யோவான். பாடுகளின் வாசிப்பு நீளமானது. மூன்று வாசகர்களும் முந்தின நாளே ஒன்றாக ஒருமுறை வாசித்துப் பார்க்காவிட்டால், சபையின் பகுதி எங்கே வருகிறது என்று தடுமாறி, மேலே சொன்ன அந்த ஒரு வரி முணுமுணுப்பாய்ப் போய்விடும். அன்றைய வழிபாட்டின் கனமான வரியே அதுதான்.

சிலுவை மடிப்பது

தென்னை இலையானால் நடு ஈர்க்கை உருவிவிட்டு ஒரு பாதியை எடுங்கள். நீளம் 60 செ.மீ., அகலம் ஒன்றரை செ.மீ. அகலம் கூடினால் முடிச்சு பிதுங்கும், ஒரு செ.மீ.க்குக் கீழே போனால் அறுந்துவிடும். பனையானால் ஒரு பிரிவை அதே அகலத்துக்குக் கீறுங்கள். ஓலை தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். காய்ந்துவிட்டதென்றால் ஈரத்துணியில் 10 நிமிடம் சுற்றி வைத்தால் வளைந்து கொடுக்கும்.

அகலமான முனை கீழே, கூரான நுனி மேலே வருமாறு நட்டுக்குத்தாகப் பிடியுங்கள். கீழ் முனையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் நுனியை உங்கள் பக்கமாக மடித்துக் கீழே கொண்டுவாருங்கள். இது தண்டு. மடிப்பிலிருந்து 5 செ.மீ. இறங்கியதும் அங்கே சாய்வாக மடித்து ஓலையை வலப்பக்கம் திருப்புங்கள். வலப்பக்கம் 5 செ.மீ. போனதும் பின்னால் மடித்து, தண்டின் பின்புறமாக இடப்பக்கம் கொண்டுபோங்கள். இடப்பக்கமும் 5 செ.மீ. வந்ததும் முன்னால் மடித்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சிலுவையின் இரண்டு கைகளும் வந்துவிட்டன. மிச்சம் 20 செ.மீ. நுனி.

இனிக் கட்டு. நடுவிலிருந்து நுனியைச் சாய்வாக மேல்-வலது மூலைக்கு ஏற்றி, சிலுவையின் வலது கையின் பின்னால் நேராகக் கீழே இறக்கி, கீழ்-வலது மூலையில் முன்னால் எடுங்கள். அங்கிருந்து குறுக்கே மேல்-இடது மூலைக்கு ஏற்றிப் பின்னால் கொண்டுபோங்கள். முன்பக்கம் நடுவில் ஒரு பெருக்கல் குறி தெரியும். பின்பக்கம் தண்டுக்கும் கிடைத்துண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுனியை மேலிருந்து கீழாகச் செருகி மெதுவாக இழுத்து, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். முக்கியமான இடம் ஒன்றுதான்: கடைசிவரை உங்கள் இடது கைக் கட்டைவிரல் சிலுவையின் நடுவை விடக் கூடாது. விட்டால் சிலுவையின் கைகள் நீளம் மாறிவிடும்.

சிலர் மடித்த பிறகு பளபளப்புக் காகிதம், ரிப்பன், பசை போட்டு அலங்கரிக்கிறார்கள். வேண்டாம். எரிக்கும்போது பிளாஸ்டிக் உருகி மொத்தச் சாம்பலையும் கெடுக்கும்.

ஆண்டு முழுதும் வீட்டில்

பாடுபட்ட சுரூபத்தின் (இயேசு தொங்கும் சிலுவையின்) பின்னாலோ, நிலைவாசலுக்கு உட்புறமோ செருகி வைப்பது வழக்கம். காற்று படுகிற இடமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம். தரையோடு ஒட்டிய அலமாரியானால் கரையான். எரிகிற விளக்குக்கு ஒரு முழத்துக்குள் காய்ந்த ஓலையை வைக்காதீர்கள்.

இது தாயத்து இல்லை. கண்ணேறு கழிக்கவோ, பேய் ஓட்டவோ வைப்பதல்ல. இளமஞ்சளாக வந்த ஓலை நாளாக ஆகப் பழுப்பாகி, தையில் தொட்டால் ஒடிகிற பதத்துக்கு வருவதை வீட்டிலிருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். செபத்துக்கு முழங்காலிடும்போது கண்ணெதிரே காய்ந்துகொண்டே இருப்பது தாங்கள் பிடித்த அதே ஓசன்னா. "காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்" என்று நம் ஊரில் சொல்வார்கள்; சிரித்த குருத்தோலை காவோலையாகும் காலத்தை நிலைவாசலிலேயே மாட்டி வைத்திருப்பது போலத்தான் இது.

திரும்பச் சேகரிப்பது

திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. மூன்று ஞாயிறுகளுக்கு முன்பே அறிவிப்புக் கொடுங்கள். 2027-க்கு ஜனவரி 24 அறிவிப்பு, 31-இல் கூடை, பிப்ரவரி 7 மாலை எரிப்பது. செவ்வாய்க்கிழமை வரை தள்ளினால் ஆறுவதற்கும் அரைப்பதற்கும் நேரம் கிடைக்காது.

உண்மையில் சாம்பல் மிகக் கொஞ்சம் போதும். ஒரு தேக்கரண்டிப் பொடி நூறு பேருக்கு மேல் வரும். பத்து வீட்டு ஓலையே ஒரு நடுத்தரப் பங்குக்குத் தாராளம். அப்படியானால் எல்லா வீட்டிலிருந்தும் ஏன் கேட்க வேண்டும்? யார் ஓலை யார் நெற்றிக்கு வருகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற இரண்டு குடும்பங்களின் ஓலையும் ஒரே சட்டியில்தான் எரியும். அன்பியவாரியாக (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பக் குழுவாரியாக) பொறுப்பாளர்கள் வீடு வீடாகப் போய் வாங்கினால் கோவிலுக்கு வர முடியாத முதியவர்களின் ஓலையும் சேரும்.

எரிப்பது

வந்த ஓலையில் நூல், ஊசி, ரிப்பன், மெழுகுத் துளி எல்லாவற்றையும் பிரித்தெடுங்கள். ஈர்க்கு தனியாக. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஒடித்துப் பாருங்கள்: சடக்கென்று ஒடிந்தால் சரி, வளைந்தால் இன்னும் ஒரு நாள். ஈர ஓலை எரியாமல் புகைந்து, தார் போன்ற பிசுக்கு சாம்பலில் ஒட்டும்; அந்த வாடை கடைசிவரை போகாது. விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்.

சட்டி இரும்பாக இருக்க வேண்டும். ஒன்றேகால் அடி அகலம், அரையடி ஆழம், பொருந்துகிற இரும்பு மூடி. அலுமினியப் பாத்திரம் கூடாது, சாம்பலின் காரம் அதை அரிக்கும். துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது, சூட்டில் அதன் புகை கெடுதி. மண்ணெண்ணெய், பெட்ரோல், அச்சடித்த காகிதம் எதையும் பற்றவைக்கப் பயன்படுத்தாதீர்கள். நெற்றித் தோலில் படப் போகிற பொருள் இது. மெழுகுதிரிச் சுடரில் ஒரு கைப்பிடி ஓலையைப் பற்றவைத்துப் போட்டால் போதும். கோவில் மைதானத்தில், காற்று அடங்கிய அந்தி நேரத்தில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சுவாலை ஆளுயரம் எழும், எரிந்த இலை பறந்து கூரைக்குப் போகும். பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும், ஆனால் நிற்கட்டும். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு வகுப்பில் சொல்வதை இந்தக் கால்மணி நேரம் காட்டிவிடும். ஓசன்னா திருப்பாடலையே சுவாலைக்கு முன்னால் ஒருமுறை வாசிக்கச் சொல்லலாம்.

இனி இந்த வேலையின் நுட்பமான இடம். சுவாலை அடங்கி, ஓலை கருத்து, ஓரங்களில் மட்டும் செம்புள்ளிகள் ஓடும் நேரத்தில் மூடியைப் போட்டுவிட வேண்டும். காற்றில்லாமல் அணைந்தால் கரி நிற்கும், பொடி கறுப்பாக வரும். மூடாமல் விட்டால் கரி முழுதும் எரிந்து வெளிர்சாம்பல் மட்டும் மிஞ்சும். அது நம் தோல் நிறத்தில் தெளிவாகத் தெரியும் என்றாலும் காரம் அதிகம், எரிச்சல் வரும். அவசரப்பட்டு முன்னாலேயே மூடினால் உள்ளே பழுப்பு நார் மிஞ்சி அரைபடாது. இந்தப் பதம் ஒருமுறை பார்த்தால் வந்துவிடும்.

காலைவரை மூடியைத் திறக்காதீர்கள். மேலே குளிர்ந்து உள்ளே கங்கு இருப்பதுண்டு. அன்றிரவே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, சக்ரீஸ்தியில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்) வைத்து, டப்பா உருகிப்போன பங்குகள் உண்டு.

அரைத்தல், சலித்தல், கழுவுதல்

கல்வமோ அம்மியோ நல்லது. மிக்சியில் அடித்தால் மூடியைத் திறந்ததும் கரிமேகம் எழும். அடித்தால் கால்மணி நேரம் கழித்துத் திறவுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் தேநீர் வடிகட்டியில் சலித்து ஈர்க்குத் துணுக்குகளை நீக்குங்கள். ஒரு துணுக்கு இருந்தாலும் நெற்றியில் கீறும். பிறகு சித்த மருத்துவர்கள் செய்வதுபோல வஸ்திரகாயம்: பழைய பருத்தி வேட்டித் துணியைச் சிமிழ் வாயில் கட்டி, பொடியை மேலே வைத்து விரலால் தட்டித் தட்டி இறக்குவது. மைபோல வரும்.

அடுத்த படியைப் பலர் செய்வதில்லை. செய்யாததால்தான் சில இடங்களில் நெற்றி வெந்துபோகிறது. தாவரச் சாம்பலில் பொட்டாசிய உப்புகள் உண்டு. தண்ணீர் பட்டால் அது காரநீராகிறது. சோப்பு வருமுன் துணி வெளுக்க உதவியது இந்தக் காரம்தான். குழைவாக இருக்கட்டும் என்று முந்தின இரவே தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வைத்தால், காலையில் நெற்றியில் படும்போது சிவந்து கொப்புளிக்கும். பிள்ளைகளுக்கும், தோல் மெலிந்த முதியவர்களுக்கும் முதலில் வரும்.

கழுவும் முறை: ஐந்து தேக்கரண்டிப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கரி மிதக்கும் என்பதால் மேல்நீரை இறுத்துக் கொட்டக் கூடாது. அடர்த்தியான துணியில் வடிகட்டுங்கள். மூன்று முறை இப்படிச் செய்து, மெல்லிய துணி மூடி, முழுதும் உலரும்வரை காயவைத்து, மறுபடி ஒருமுறை சலியுங்கள். வடித்த நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். மந்திரித்த ஓலையின் பாகம் அது.

போதுமான அளவு கழுவியாயிற்றா என்று பார்க்க அடுக்களை மஞ்சள் போதும். வெள்ளைத் துணியில் மஞ்சள் தடவி, ஒரு சிட்டிகைச் சாம்பலை இரண்டு சொட்டு நீரில் குழைத்து மேலே வையுங்கள். குங்குமமாகச் சிவந்தால் காரம் இருக்கிறது, இன்னொரு கழுவல். மஞ்சளாகவே நின்றால் சரி. அதற்கு மேலும், கையின் உள்மணிக்கட்டில் தடவிக் கால்மணி நேரம் பார்த்துவிடுங்கள்.

உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்து ஆண்டைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கடையில் விற்கும் விபூதியை இதற்குப் பதிலாகக் கலப்பது வேண்டாம். திருநீறு என்ற சொல்லைச் சைவரும் கத்தோலிக்கரும் பகிர்ந்துகொள்கிறோம். நீறு என்றால் நீற்றிய பொடி. ஆனால் விபூதி சாணத்திலிருந்து வருவது, அதற்கு அவர்களுடைய பொருள் உண்டு. இது போன ஆண்டு ஓசன்னா பாடிய ஓலை. அந்தத் தொடர்பு அறுந்துவிட்டால் நெற்றியில் இருப்பது வெறும் கறை.

புதன்கிழமை

பொடியாகவே மந்திரிக்க வையுங்கள். தீர்த்தம் தெளிப்பது சில துளிகள், நனைப்பதல்ல. சிலுவை அடையாளம் பதிய வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டிக்கு நான்கைந்து சொட்டு தேங்காய் எண்ணெய், இடுவதற்குச் சற்று முன்பு. கூடினால் வெயிலில் வழிந்து கண்ணுக்குள் இறங்கும். உச்சந்தலையில் உலர்பொடியாகத் தூவுவதும் பழைய முறைதான்; பல நாடுகளில் இன்றும் அப்படியே செய்கிறார்கள். தோல் நோய் உள்ளவர்களுக்கு அதுவே நல்லது. கிண்ணம் ஆழமில்லாததாக இருக்கட்டும். கட்டைவிரல் நுனி மட்டும் தொட வேண்டும். மந்திரிப்பது குருவோ திருத்தொண்டரோ. இடுவதற்குப் பொதுநிலையினரும் உதவலாம். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் வரிசையில் வந்து நின்றாலும் மறுக்கத் தேவையில்லை, இது அருளடையாளம் அல்ல.

இடும்போது சொல்லும் வாக்கியம் இரண்டில் ஒன்று. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பது தொடக்கநூல் 3:19-இலிருந்து. மனம் மாறி நற்செய்தியை நம்பு என்பது மாற்கு 1:15-இலிருந்து. முதலாவது பயமுறுத்துகிறது என்று அதை ஒதுக்கும் பழக்கம் வந்திருக்கிறது. ஓலையை எரித்துப் பார்த்த ஒரு பங்குக்கு அது பயமுறுத்தாது.

அன்றைய நற்செய்தி வேடிக்கையானது. நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவு, அது பிறருக்குத் தெரிய வேண்டாம் என்கிறது மத்தேயு 6. அதைக் கேட்டுவிட்டு நெற்றியில் கரியோடு வெளியே வருகிறோம். முரண்பாட்டைச் சரிக்கட்ட முயல வேண்டாம். உடையை அல்ல, இதயத்தைக் கிழியுங்கள் என்று முதல் வாசகத்தில் யோவேல் அதையே சொல்லிவிட்டார். அலுவலகத்துக்கு அப்படியே போகலாம், கழுவிவிட்டும் போகலாம். சட்டம் எதுவும் இல்லை. சட்டம் இருப்பது உணவில்: 18 முதல் 59 வயதுவரை ஒருபொழுது, 14 வயது நிறைந்தவர்களுக்கு இறைச்சி இல்லை. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் கட்டாயம் இல்லை.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பவனியும் ஓலைச் சிலுவையும் உண்டு. லெந்து நாட்களின் (தவக்காலத்தின்) தொடக்கமாகச் சாம்பல் புதன் ஆராதனை நடந்தாலும் சாம்பல் இடுவது எல்லா இடத்திலும் வழக்கம் இல்லை. இடுகிற சபைகளுக்கு மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும்.

சக்ரீஸ்தியில் ஒரு கிண்ணம் தண்ணீரும் அரை எலுமிச்சம்பழமும் எடுத்து வையுங்கள். ஃபாதர் விரலில் ஏறிய கரியும் எண்ணெயும் அதில்தான் போகும், மிச்சக் காரத்தையும் புளிப்பு முறித்துவிடும். அந்த நீரும் மண்ணுக்கே.

மிஞ்சிய சாம்பல் புட்டியில் ஆண்டுக்கணக்கில் சேர வேண்டாம். ஒரு தேக்கரண்டி மட்டும், நோயாளிகளின் வீட்டுக்குக் கொண்டுபோக, வார இறுதிவரை வைத்துக்கொண்டு மற்றதைத் தென்னையடியில் ஓரடிக் குழி தோண்டிப் புதையுங்கள். சலித்து ஒதுக்கிய ஈர்க்கும் நாரும் அதே குழியில். 2027-இல் குருத்தோலை ஞாயிறு மார்ச் 21. மரம் ஏறுகிறவரிடம் 20-ஆம் தேதி காலைக்கு இப்போதே சொல்லி வைத்து, போன ஆண்டு குருத்து எடுக்காத மரங்களாகப் பார்த்து நாலுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டு விடுங்கள்.